இருபது பூமி கனம்

பதினேழாவது முறையும் தூசி முழுவதும்
நட்சத்திரத்துக்குள் விழுந்துவிட்டது.

மிண்டன் வளாகம், மூன்றாம் மாடி.
என்னோடு ஏசி மட்டும் விழித்திருந்தது.
திரையில் ஓர் இளஞ்சூரியன்,
பத்து லட்சம் வயது, இன்னும் கைக்குழந்தை.
அதைச் சுற்றித் தட்டையாய் வாயு,
வாயுவுக்குள் அரிசிமணி அளவில் கல், மாவு அளவில் தூசி.

வாயு கொஞ்சம் சோம்பேறி.
தன் அழுத்தத்தின்மேல் தானே சாய்ந்துகொண்டு
ஓடவேண்டிய வேகத்துக்கு ஓடாது.
கல்லுக்குச் சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை.
அது ஓடும். முகத்தில் காற்று அறையும்.
அறைய அறைய வேகம் குறைந்து
உள்ளே,
இன்னும் உள்ளே.
சில நூறு வருஷத்தில் கணக்கு முடிந்துவிடும்,
ஒரு கோளுக்குக்கூடக் கல் மிஞ்சாமல்.

சிலிப் பாலைவனத்து ஆண்டெனாக்கள் அனுப்பிய படத்திலோ
தூசி வளையம் வளையமாய் நிற்கிறது.
விழாமல் நிற்கிறது.
நடுநடுவே கறுப்பாய் இடைவெளி.
இடைவெளிக்குள் ஒரு கோளை வைத்துப் பார்த்தேன்,
ஐந்து பூமி கனத்தில்.
போன வழியை அதன் முதுகுக்குப் பின்னாலேயே
வாயு மூடிக்கொண்டது.

காலை எட்டரைக்குக் கிளம்பினால்
கிராப் ஓட்டுநர் பாதியிலேயே இறக்கிவிட்டார்.
"இன்னிக்குத் தேருங்க. தெரியாதா?"
தெரியாது. மறந்தே போயிருந்தேன்.

டத்தோ கிராமாட் சாலை.
ஊய் டயர் கடை வாசலில் ஐந்நூறு தேங்காய்
மஞ்சள் பூசிக்கொண்டு மலையாய்க் காத்திருந்தது.
எதிர்ப் பந்தலின் ஒலிபெருக்கி என் விலா எலும்பில் அடித்தது.
ஒரு பால்குடம் வந்தது.
கூட்டம் விலகிற்று, குடம் கடந்தது,
விலகிய இடத்தில் உடனே ஐஸ் பெட்டியோடு ஒரு பையன்.
நான் சிரித்துவிட்டேன்.
ஐந்து பூமி.

பிறகுதான் அது வந்தது.
வருவதற்கு முன்பே சாலை பின்வாங்கியது.
கயிறு பிடித்தவர்கள் கத்தவே வேண்டியிருக்கவில்லை.
வெள்ளி முழுவதும் வெயில், மாடுகளின் கொம்பில் சாமந்தி,
உடைந்த இளநீர் கணுக்கால்வரை தெறிக்க,
நடுவே அகலமாய் ஒரு வெறுமை நகர்ந்தது.
அதன் ஓரத்தில் நாங்கள்.
பின்னாலிருந்து தள்ளுகிறார்கள்,
முன்னால் ஒருவரும் விழவில்லை.

நாற்பது நிமிஷம் அந்த விளிம்பில் சிக்கிக்கிடந்தேன்.
இடது தோளில் ஒரு சீக்கிய மாணவனின் முதுகுப்பை,
வலது காலின்மேல் யாருடைய குழந்தையோ.
டயர் கடை ஆண்ட்டி தலைக்குமேல் நீட்டிய சிராப் பொட்டலம்
ஏழு கை மாறி என்னிடம் வந்து, நின்று, போயிற்று.
அங்கே எல்லோருக்கும் ஒரே வேகம்.
முகத்தில் காற்றே இல்லை.
கல்லும் கல்லும் ஒட்டுவதற்கு இப்படி ஓர் இடம்தான் வேண்டும்:
அடுத்த கோள் பிறப்பது
முந்திய கோள் துரத்திய கூட்டத்தில்.
பெயர் கேட்காமலே பிரிந்தோம். நாங்கள் கோள் ஆகவில்லை.

அன்றிரவு பதினெட்டாவது ஓட்டம். இருபது பூமி கனம்.
இரண்டு மணிக்கு வளையம் நின்றது.
டாக்டர் நோர்ஹயாத்தி அனுப்பிய செய்தி ஒரே வரி:
"கோள்தான் என்று எப்படிச் சொல்வாய்?"

சொல்ல முடியாது.
பனி உறையும் எல்லையும் வளையம் போடும்,
காந்தப்புலமும் போடும்.
கோளை யாரும் பார்க்கவில்லை.

காலையில் அதே சாலை.
நகராண்மை லாரி மெதுவாய் வருகிறது.
இரு பக்கமும் முழங்கால் உயரம் சில்லும் ஓடும்,
நடுவில் சுத்தமாய், ஈரமாய், தார்.
துடைப்பக்காரர் ரஃபிகுல், டாக்காவுக்குப் பக்கம்,
பினாங்குக்கு வந்து இரண்டு நாள்.
குவியலைப் பார்த்தார், வெற்றுத் தாரைப் பார்த்தார்,
துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இரண்டு கையையும் விரித்து என்னைக் கேட்டார்:
போனது இவ்வளவு இருக்குமா?

இன்னும் கொஞ்சம், என்றேன்.
கையை இன்னும் கொஞ்சம் விரித்தார்.